கருவிழி மாற்று சிகிச்சை: எந்த அறுவை, எந்த மயக்க முறை, யாருக்கு எது பாதுகாப்பு?

கருவிழியை, அதாவது கண்ணின் முன்பக்கம் ஒளிபுகும் கார்னியாவை, மாற்றச் சொல்லிவிட்டார்கள் என்று எழுதும் வாசகர்கள் பெரும்பாலும் இரண்டு குழப்பங்களோடு வருகிறார்கள். ஒரு மருத்துவமனையில் முழுக் கருவிழியையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள், இன்னொன்றில் உள்பக்கம் மட்டும் மாற்றினால் போதும் என்கிறார்கள். ஒருவர் முழு மயக்கம் கொடுக்க வேண்டும் என்கிறார், இன்னொருவர் கண்ணுக்கு மட்டும் ஊசி போட்டால் போதும் என்கிறார். எதைக் கேட்பது?

இரண்டு குழப்பங்களுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. அறுவையின்போது கண் (இமை அல்ல, விழியின் சுவர்) எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, எவ்வளவு நேரம் திறந்தே கிடக்கிறது என்பதைப் பாருங்கள். அறுவை முறை அதைத் தீர்மானிக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் அசையாமலும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறாமலும் காப்பது மயக்க முறையின் வேலை. அதனால் அறுவையை ஒரு பக்கமும் மயக்கத்தை ஒரு பக்கமும் வைத்துத் தேர்வு செய்ய முடியாது. சேர்த்தே முடிவெடுக்க வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது?

முதல் அளவுகோல், உங்கள் கருவிழியில் எந்த அடுக்கு கெட்டிருக்கிறது என்பது. கருவிழியின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும் தடிமன்தான். அதற்குள் முன்பக்கத் தோல் அடுக்கு, நடுவில் தடித்த ஸ்ட்ரோமா, உள்பக்கம் டெசிமெட் என்ற மெல்லிய சவ்வு, அதன்மேல் ஒரே வரிசையாக எண்டோதீலியம் செல்கள். கருவிழிக்குள் ஊறும் நீரை இந்தச் செல்கள்தான் ஓயாமல் வெளியேற்றிக்கொண்டிருக்கின்றன. பெரியவர்களுக்கு ஒரு சதுர மில்லிமீட்டரில் ஏறக்குறைய 2,500 செல்கள் இருக்கும். போனவை மறுபடி முளைப்பதில்லை. அவை குறைந்துபோனால் கருவிழி நீர்கோத்து, வெளுத்து, கொப்புளம் கட்டும்.

அடுத்தவை: அறுவையின்போது கண் திறந்திருக்கும் நேரம், ஒட்டை, அதாவது தானமாக வந்து பொருத்தப்படும் கருவிழித் திசுவை, உடல் நிராகரிக்கும் வாய்ப்பு, பார்வை திரும்ப ஆகும் காலம், முதல் நாள் பில்லில் வராத பின்செலவுகள். கடைசியாக ஒன்று: நோயாளியால் ஒரு மணி நேரம் இருமாமல், நடுங்காமல், மல்லாந்து படுத்திருக்க முடியுமா? இந்தக் கடைசிக் கேள்வியை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பலர் சோதிப்பதில்லை.

## முழுக் கருவிழி மாற்று (பிகே)

நூறு ஆண்டுகளுக்கு மேல் பழைய முறை. 1905 டிசம்பர் 7 அன்று, இன்றைய செக் குடியரசில் உள்ள ஓலோமோட்ஸ் ஊரில், சுண்ணாம்பு பட்டு இரு கண்ணும் பாழான ஒரு தொழிலாளிக்கு எடுவார்ட் ஸிர்ம் என்ற மருத்துவர் செய்ததுதான் மனிதரில் வெற்றிபெற்ற முதல் கருவிழி மாற்று. நம் பக்கத்தில், சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா 1945-இல் நாட்டின் முதல் கண் வங்கியைத் தொடங்கினார்.

இந்த முறையில் நடக்கும் ஒரு கட்டத்தைக் கிட்டத்தில் பார்ப்பது அவசியம். ட்ரெஃபைன் என்ற வட்டக் கத்தியால் கருவிழியின் நடுப்பகுதியை, 7, 8 மில்லிமீட்டர் விட்டத்துக்கு, முழு ஆழத்துக்கும் வெட்டி எடுக்கிறார்கள். அந்த நொடி முதல் கண்ணுக்கு முன்சுவர் கிடையாது. நுண்ணோக்கியில் ஐரிஸும் (கண்மணியைச் சுற்றிய நிற வளையம்) லென்ஸும் எந்த மறைப்பும் இல்லாமல் தெரியும். தானமாக வந்த வட்டத்தை வைத்து முதல் நான்கு தையல் போடும் வரை கண் அப்படியே திறந்திருக்கும். அந்தச் சில நிமிடங்களில் நோயாளி ஒரு முறை இருமினால் போதும், லென்ஸ் மேலே எழும்பி வரும். பின்னாலிருந்து அழுத்தம் மேலும் கூடினால் உள்ளிருப்பவை வெளியே தள்ளப்படலாம். மிக அரிதாக, விழித்திரைக்குப் பின்னால் உள்ள ரத்தக்குழாய் வெடித்துப் பார்வையே போய்விடும். வயதானவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், கண் அழுத்த நோய் உள்ளவர்கள், அதிக கிட்டப்பார்வை உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து கூடுதல். குழந்தைகளின் வெள்ளை விழி இளகலாக இருப்பதால் அவர்களுக்கு வேறு சிக்கல்: வெட்டியதும் கண் மடிந்து சரியும், லென்ஸ் முன்னே வரும். அதனால்தான் வெள்ளை விழியோடு உலோக வளையம் ஒன்றைத் தைத்துத் தாங்கல் கொடுப்பார்கள். தேவைப்படுபவர்களுக்கு அறுவைக்கு முன் மானிட்டால் ஏற்றி உள் அழுத்தத்தைக் குறைப்பார்கள்.

இதற்குப் பிறகும் நெடும்பயணம் இருக்கிறது. முடியைவிட மெல்லிய நைலான் இழையில் பெரும்பாலும் 16 தையல். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து முடிக்க ஓராண்டு, சில சமயம் ஒன்றரை ஆண்டு. தையல் தளர்ந்தால் கண் உறுத்தும், அதன் வழியே கிருமி ஏறலாம், ஒட்டை நிராகரிப்பதும் தொடங்கலாம். ஒட்டு தெளிவாகவே இருந்தாலும் மேற்பரப்பு கோணலாக அமைந்து சிதறல் பார்வை மிஞ்சும். கண்ணாடி போதாமல் கெட்டி கான்டாக்ட் லென்ஸ் வாங்க வேண்டி வருவது சகஜம். இந்த வெட்டு ஒருநாளும் பழைய பலத்தைப் பெறாது. பத்து வருடம் கழித்துப் பந்து பட்டோ, மாட்டுக் கொம்பு இடித்தோ பிளந்துகொண்ட கண்கள் உண்டு. வயல் வேலை, பட்டறை வேலை பார்ப்பவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

இவ்வளவு இருந்தும் இந்த முறைக்கு மாற்றே இல்லாத இடங்கள் இருக்கின்றன. நெல் உமியோ கரும்புச் சோகையோ கண்ணில் பட்டு, பூஞ்சைப் புண்ணாகி, மருந்துக்கு அடங்காமல் கருவிழி ஓட்டையாகும் நிலைக்கு வந்தவர்களுக்குக் கண்ணைக் காப்பாற்றுவதே முதல் வேலை. தழும்பு முழு ஆழத்துக்கும் இறங்கியவர்களுக்கும், முன்பு வைத்த ஒட்டு முழுதாகத் தோற்று வடுப்பட்டவர்களுக்கும் இதுவே வழி. அவர்களிடம் "புதிய முறை இருக்கிறதாமே" என்று உறவினர்கள் சொல்லிக் குழப்ப வேண்டாம்.

## முன்பக்கம் மட்டும் மாற்றுவது (டால்க்)

எண்டோதீலியம் நன்றாக இருந்து, முன்பக்கம் மட்டும் கெட்டிருந்தால் இதுதான் என் முதல் சிபாரிசு. கெரட்டோகோனஸ் எனப்படும் கூம்புக் கருவிழி வந்த இளைஞர்கள்தான் இதில் பெரும்பகுதி. ஸ்ட்ரோமாவுக்கும் டெசிமெட் சவ்வுக்கும் இடையே காற்றைச் செலுத்திப் பெரிய குமிழி எழுப்பி இரண்டையும் பிரிக்கும் உத்தியை அன்வரும் டீக்மனும் 2002-இல் வெளியிட்ட பிறகு இந்த முறை பரவியது. நோயாளியின் சொந்த எண்டோதீலியம் அப்படியே இருப்பதால், ஒட்டைத் தோற்கடிக்கும் முக்கியமான நிராகரிப்பு இங்கே நடக்கவே வழியில்லை. கண்ணும் முழுதாகத் திறப்பதில்லை. ஸ்டீராய்டு சொட்டு மருந்தைச் சீக்கிரமே குறைத்து நிறுத்தலாம். இருபது வயதில் அறுவை செய்துகொண்டு இன்னும் ஐம்பது ஆண்டு அந்தக் கண்ணோடு வாழப்போகிறவருக்கு இது பெரிய லாபம்.

தையலும் சிதறல் பார்வையும் இதிலும் உண்டு. அறுவை நேரமும் நீளும். பிரிக்கும்போது அந்தச் சவ்வு கிழிந்தால் அங்கேயே முழு மாற்றாக மாற்ற வேண்டியிருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே, டால்க் என்று திட்டமிட்டாலும் மயக்க ஏற்பாட்டை முழு மாற்றுக்கு உரியதாகவே வைத்துக்கொள்வது விவேகம்.

## உள்பக்கம் மட்டும் மாற்றுவது (டிசேக், டிமெக்)

கண்புரை அறுவைக்குப் பிறகு கருவிழி நீர்கோத்தவர்கள், ஃபுக்ஸ் நோய் (எண்டோதீலியம் செல்கள் மெல்ல மெல்லக் குறையும் நோய்) உள்ளவர்கள் ஆகியோருக்கு உரியவை. நெதர்லாந்தின் கெரிட் மெல்லஸ் 1998 முதல் படிப்படியாக உருவாக்கிய வழி இது. சிறு வெட்டு வழியாக ஒட்டை உள்ளே நுழைத்து, கீழே காற்று அல்லது வாயுக் குமிழியை நிரப்பி, மேல்நோக்கி அழுத்தி ஒட்ட வைக்கிறார்கள். ஒட்டைப் பிடிக்கத் தையல் கிடையாது. வெட்டை மூட மட்டும் ஓரிரு தையல் போடலாம். விழியின் முன்சுவரை வெட்டி எடுக்காமலேயே எல்லாம் நடப்பதால், மேலே சொன்ன அந்த ஆபத்தான நிமிடங்கள் இதில் இல்லை. அறுவைப் பாதுகாப்பில் கடந்த முப்பது ஆண்டுகளில் கிடைத்த மிகப் பெரிய ஆதாயம் இதுவே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

டிசேக்கில் சவ்வோடு கொஞ்சம் ஸ்ட்ரோமாவும் சேர்ந்து வரும், தடிமன் பொதுவாக 100 முதல் 200 மைக்ரான். டிமெக்கில் சவ்வும் செல்களும் மட்டும், 10 முதல் 15 மைக்ரான். மெலிதாக இருப்பதால் டிமெக்கில் பார்வை கூர்மையாகவும் சீக்கிரமாகவும் திரும்புகிறது. நிராகரிப்பும் மிகக் குறைவு. 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 2 ஆண்டுகளுக்குள் நிராகரிப்பு நேரும் வாய்ப்பு டிமெக்கில் 1 சதவீதமும், டிசேக் வகையில் 12 சதவீதமும், முழு மாற்றில் 18 சதவீதமும் இருந்தன. அந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் சிக்கல் குறைந்த நோயாளிகள். வடுவும் ரத்தக்குழாயும் ஏறிய கண்களுக்கு அதே எண்களை எதிர்பார்க்கக் கூடாது.

அப்படியானால் எல்லாருக்கும் டிமெக் செய்துவிடலாமே? முடியாது. கண்ணுக்குள் போன உடனே அந்தச் சவ்வு சுருட்டிய வெற்றிலைபோல் உருண்டுகொள்ளும். நீலச் சாயம் ஏற்றி, கருவிழியின் மேல் மெதுவாகத் தட்டித் தட்டி, தொடாமல் விரிக்க வேண்டும். தலைகீழாக விரிந்தால் வேலை செய்யாது. கருவிழி மிகவும் வெளுத்து உள்ளே பார்க்க முடியாத கண், லென்ஸே இல்லாத கண், விழித்திரை அறுவையில் உள்ஜெல் எடுக்கப்பட்ட கண், கண் அழுத்தத்துக்குக் குழாய் வைத்த கண் ஆகியவற்றில் டிசேக்தான் கைகொடுக்கும். நம் ஊரில் நோயாளிகள் தாமதமாக வருவதால் இப்படிப்பட்ட கண்கள் கணிசம். சென்னையில் டாக்டர் அமர் அகர்வால் குழு, துவா அடுக்கு என்று 2013-இல் விவரிக்கப்பட்ட மெல்லிய அடுக்கையும் சேர்த்து ஒட்டும் பிடெக் முறையைக் கொண்டுவந்தது. ஒட்டு அவ்வளவாகச் சுருளாததால் இளவயதினர் தானம் செய்த கண்ணையும் பயன்படுத்த முடிகிறது.

மறைந்திருக்கும் செலவு குமிழியில் இருக்கிறது. முதல் சில நாட்கள் முடிந்தவரை மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். முதுகு வளைந்த பாட்டிக்கும், மூச்சிரைப்புக்காக மூன்று தலையணை வைத்துத் தூங்கும் தாத்தாவுக்கும் அது தண்டனை. ஒட்டின் ஓரம் பிரிந்தால் மறுபடி தியேட்டருக்குப் போய்க் காற்று நிரப்ப வேண்டும். டிமெக்கில் இது அடிக்கடி நேரும். வாயு கரையும்வரை விமானம் ஏறக் கூடாது. குமிழி கண்மணியை அடைத்து அறுவை நடந்த அன்றே அழுத்தம் ஏறக்கூடும் என்பதால், அன்று இரவு கடும் தலைவலியும் வாந்தியும் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | முழு மாற்று (பிகே) | டால்க் | டிசேக் | டிமெக் |
|---|---|---|---|---|
| யாருக்கு | முழு ஆழத் தழும்பு, அடங்காத புண் | கெரட்டோகோனஸ், முன்பக்கத் தழும்பு | நீர்கோத்த கருவிழி, சிக்கலான கண் | நீர்கோத்த கருவிழி, ஃபுக்ஸ், சிக்கலற்ற கண் |
| அறுவையில் கண் | முழுதாகத் திறக்கும் | திறக்காது, சவ்வு கிழிந்தால் திறக்கும் | 4 முதல் 5 மி.மீ. வெட்டு | 3 மி.மீ. அளவு வெட்டு |
| நிராகரிப்பு | அதிகம் | எண்டோதீலிய நிராகரிப்பு இல்லை | நடுத்தரம் | மிகக் குறைவு |
| பார்வை நிலைக்க | ஓராண்டுக்கு மேல் | பல மாதம் முதல் ஓராண்டு | சில மாதம் | சில வாரம் |
| பின்செலவு | தையல் எடுத்தல், கான்டாக்ட் லென்ஸ், நீண்டகால ஸ்டீராய்டு | தையல் எடுத்தல், கண்ணாடி அல்லது லென்ஸ் | சில சமயம் மறுபடி காற்று | மறுபடி காற்று, மல்லாந்த படுக்கை |
| பொருந்தும் மயக்கம் | முழு மயக்கம், அல்லது நன்றாகப் பிடித்த ஊசி | அதே | கண்ணுக்கு மட்டும் | கண்ணுக்கு மட்டும், சிலருக்குச் சொட்டு |

## மயக்க முறைகள்

முழு மயக்கம். கண் திறந்திருக்கும் அறுவைக்கு இதன் பலம் தெளிவானது: நோயாளி அசையமாட்டார், இருமமாட்டார், கண்ணுக்குப் பின்னால் மருந்து நிரம்பி அழுத்தாது, ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் மயக்க மருத்துவர் தன் கையில் வைத்திருப்பார். குழந்தைகளுக்கும், பதற்றம் கட்டுக்கடங்காதவர்களுக்கும், தலைநடுக்கம் உள்ளவர்களுக்கும், சொல்வதைப் புரிந்துகொள்ள முடியாதவர்களுக்கும், கருவிழி கிழிந்தோ ஓட்டையாகியோ வந்தவர்களுக்கும் இதைத்தான் தேட வேண்டும். ஓட்டையான கண்ணைச் சுற்றி ஊசி மருந்தை நிரப்பினால் உள்ளிருப்பது வெளியே வரலாம்.

இதிலும் ஆபத்தான கட்டங்கள் உண்டு. மயக்கம் இலேசாகிப் பாதியில் நோயாளி இருமுவது, முடிந்தபின் குழாயை எடுக்கும்போது திமிறுவது ஆகிய இரண்டும் தையலைச் சோதிக்கும். மூச்சுக்குழாய்க்குள் இறங்கும் குழாய்க்குப் பதிலாகத் தொண்டையில் மேலேயே அமரும் மாஸ்க் வைத்தால் இருமல் குறையும். சக்சினைல்கோலின் என்ற தசைத்தளர்வு மருந்து கண் அழுத்தத்தை ஏற்றும் என்பதால் திறந்த கண்ணில் முடிந்தவரை தவிர்ப்பார்கள். கண் தசையை இழுக்கும்போது இதயத்துடிப்பு சட்டென்று குறையும் அனிச்சைச் செயலும் உண்டு, குழந்தைகளிடம் கூடுதலாக. இவை எல்லாம் மயக்க மருத்துவருக்குத் தெரிந்தவை. இருந்தாலும் "கண் திறந்திருக்கும் அறுவை" என்பது அவரிடம் முன்பே சொல்லப்பட்டதா என்று கேட்பதில் தவறில்லை. இதய நோய், கட்டுக்கடங்காத சர்க்கரை, நுரையீரல் நோய் உள்ள முதியவருக்கு முழு மயக்கம் தரும் சுமை, கண்ணுக்குத் தரும் நன்மையை மிஞ்சிவிடலாம்.

கண்ணைச் சுற்றி ஊசி. நம் ஊரில் பெரியவர்களுக்குப் பரவலாகச் செய்வது இதுதான். மரக்கச் செய்யும் லிக்னோகெய்னும் பூபிவகெய்னும் கலந்து, பரவுவதற்கு ஹயலுரோனிடேஸ் சேர்த்து, கண்குழியில் செலுத்துவார்கள். பழைய ரெட்ரோபல்பார் முறையில் ஊசி நீளம், கண் தசைகளின் கூம்புக்குள்ளேயே இறங்கும். விழி நரம்பும் ரத்தக்குழாய்களும் அங்கேதான் இருக்கின்றன. பெரிபல்பார் முறையில் குட்டையான ஊசி, கூம்புக்கு வெளியே. ஆபத்து குறைவு, மருந்தின் அளவு கூடுதல், பிடிக்க நேரமும் கூடுதல். இரண்டிலும் விழியே குத்துப்பட வாய்ப்பு உண்டு. கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களின் விழி நீளமாக இருப்பதால் அவர்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிடக் கூடும். அறுவைக்கு முன் விழி நீளத்தை அளந்து பார்த்துவிட்டே ஊசியை எடுக்க வேண்டும்.

இன்னொரு விஷயம் பேசப்படுவதே இல்லை. செலுத்திய மருந்தே கண்ணைப் பின்னாலிருந்து தள்ளும். புரை அறுவையில் அது அவ்வளவு பெரிதல்ல. முழுக் கருவிழி மாற்றில் அதுவே விபத்துக்குத் தொடக்கமாகலாம். எனவே ஊசி போட்டபின் பந்து அல்லது பலூன் வைத்து அழுத்தி, கண் மெத்தென்று ஆன பிறகே வெட்ட வேண்டும். இமை இறுக்கிச் சுருக்கினாலும் அழுத்தம் ஏறும் என்பதால் முகநரம்புக்கும் மரக்க ஊசி போடுவது உண்டு. "ஊசி போட்டுப் பத்து நிமிஷம் அமுக்கிக்கிட்டே இருந்தாங்க" என்று சிலர் குறையாகச் சொல்வார்கள். அந்தப் பத்து நிமிஷம் அவர்கள் கண்ணுக்குக் காவல்.

சப்-டெனான். சொட்டு மருந்தால் மரக்கச் செய்து, வெள்ளை விழியின் மேல்தோலில் சிறு துளை வெட்டி, முனை மழுங்கிய வளைந்த குழாயால் மருந்து செலுத்துவார்கள். கூர்மையான ஊசி உள்ளே போகாததால் விழி குத்துப்படும் ஆபத்து மிகக் குறைவு. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கும் நீளமான விழி உள்ளவர்களுக்கும் நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான். கண் சிவந்து வீங்குவது பார்க்கப் பயமாக இருக்கும், சில நாளில் வடிந்துவிடும். வெள்ளை விழி மெலிந்திருப்பவர்களுக்கும், அங்கே முன்பு அறுவை நடந்து வடுப்பட்டவர்களுக்கும் ஏற்றதல்ல.

சொட்டு மருந்து மட்டும். டிமெக்கிலும் சில டிசேக்கிலும் மட்டும், கண்ணுக்குள் கொஞ்சம் லிக்னோகெய்ன் சேர்த்து. ஊசி ஆபத்து ஒன்றுமே இல்லை. ஆனால் கண் அசையும், இமை சுருங்கும். சவ்வை விரிக்கக் கண்ணின் முன்னறையை ஆழமில்லாமல் வைத்திருக்கும் வேளையில் நோயாளி இறுக்கினால் ஒட்டு வெட்டு வழியே வெளியே வந்துவிடக்கூடும். நிதானமான நோயாளி, கைதேர்ந்த மருத்துவர் என்ற இரண்டும் சேர்ந்தால் மட்டும்.

## சில நிலைமைகள், என் முடிவு

22 வயது, கெரட்டோகோனஸ், உள்சவ்வில் வடு இல்லை: டால்க், முழு மயக்கம். ஊசி என்றால் விழி நீளம் பார்த்த பிறகு.

72 வயது, புரை அறுவைக்குப் பிறகு நீர்கோத்த கண், இதயத்தில் ஸ்டென்ட், ரத்தம் உறையாத மருந்து: உள்பக்க மாற்று, சப்-டெனான். கண் சிக்கலற்றது என்றால் டிமெக், லென்ஸ் சரியாக அமராத கண் என்றால் டிசேக். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். இதய மருத்துவரும் கண் மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும்.

45 வயது விவசாயி, பூஞ்சைப் புண், கருவிழி ஓட்டையாகும் நிலை: முழு மாற்று, முழு மயக்கம், தாமதம் கூடாது.

ஓயாத இருமல் உள்ள ஒருவருக்கு முழு மாற்று தேவைப்படுகிறது, அவசரம் இல்லை: இருமலை அடக்கிவிட்டு வரட்டும். ஒரு மாதம் தள்ளிப்போவதால் ஒன்றும் கெட்டுவிடாது.

ஒரு கண் ஏற்கெனவே போய், மிச்சம் இருக்கும் ஒரே கண்ணுக்கு அறுவை: கருவிழி நிலைமை இடம் கொடுத்தால் கண்ணைத் திறக்காத முறைதான். அதை அடிக்கடி செய்யும் மருத்துவர் வேறு ஊரில் இருந்தால் அங்கே போங்கள். டிமெக்கை எப்போதாவது செய்பவரின் கையைவிட, டிசேக்கை வாரந்தோறும் செய்பவரின் கை உங்களுக்குப் பாதுகாப்பு.

## பணமும் பின்தொடர்தலும்

தானமாக வந்த கண்ணுக்கு விலை கிடையாது. உடலுறுப்பு மாற்றுச் சட்டப்படி விற்பதும் வாங்குவதும் குற்றம். பரிசோதித்துப் பதப்படுத்திப் பாதுகாக்கும் செலவைக் கண் வங்கி வாங்கலாம். டிசேக், டிமெக் ஒட்டை முன்கூட்டியே வெட்டித் தயாரிக்கும் வங்கி என்றால் அந்தத் தொகை கூடும். மொத்தச் செலவைக் கேட்கும்போது இவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள்: மறுபடி காற்று நிரப்பினால் எவ்வளவு, தையல் எடுக்க எத்தனை முறை வர வேண்டும், கான்டாக்ட் லென்ஸ் தேவைப்பட்டால் எவ்வளவு, அரசுக் காப்பீட்டில் எந்த முறை அடங்கும்.

வெளியூரிலிருந்து வருபவருக்குப் பேருந்துச் செலவும் கூட வருபவரின் ஒரு நாள் கூலியும் அறுவைக் கட்டணத்துக்குச் சமமாக ஏறிவிடலாம். முழு மாற்று என்றால் அந்த அலைச்சல் இரண்டு ஆண்டுகளுக்கு உறுதி. ஸ்டீராய்டு சொட்டு போடும் காலம் முழுவதும் கண் அழுத்தத்தை அளக்க வேண்டும். அளக்காமல் மாதக்கணக்கில் மருந்துக்கடையில் வாங்கிப் போட்டு, ஒட்டு தெளிவாக இருந்தும் விழி நரம்பு கெட்டுப் பார்வை இழப்பவர்கள் உண்டு. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அழுத்தம் அளக்க ஒரு கண் மருத்துவரை அறுவைக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கண் சிவந்து, கூசி, பார்வை மங்கினால் அது எத்தனை ஆண்டு கழித்து நேர்ந்தாலும் நிராகரிப்பாக இருக்கலாம். உடனே மருந்து தொடங்கினால் பல ஒட்டுகளை மீட்க முடியும், அதனால் அன்றைக்கே கிளம்புங்கள்.